அழிக்காத முதல் டேக்

எந்த மைக்கை எங்கே வைப்பது, எந்தக் குரலுக்கு எவ்வளவு ஏற்றுவது என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நீங்கள் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். நான் பத்தாவது முடித்து, பழவேற்காட்டில் மைக் செட் கடையில் ஒயர் சுற்றி, பிறகு சென்னைக்கு வந்து ஒலிப்பதிவு பழகியவன். போன வருஷம் வேலையை விட்டுவிட்டேன். எங்கள் ஒலிப்பதிவாளர் சங்க மலரில் புதியவர்களுக்காக ஏதாவது எழுதச் சொன்னார்கள். மேடையில் பேசச் சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டேன். எழுதுவது பரவாயில்லை, யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

பெருமையாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். உங்களுக்கும் அந்த மாதிரி ஒரு மத்தியானம் வரும். அப்போது ஞாபகம் வந்தால் சரி.

முதலில் ஒரு சின்ன விஷயம். நான் சென்னையில் சேர்ந்த புதிதில் ஒரு பாடகி ஒரு டேக் பாடிவிட்டு, "நல்லால்ல, அழிச்சிடுங்க" என்றார். அழித்துவிட்டேன். மறுநாள் அதே அம்மா வந்து, "நேத்து மொதல்ல பாடினேனே, அதையே வெச்சுக்கலாம்" என்றார். எங்கள் மூத்த ரெக்கார்டிஸ்ட் அவர் எதிரில் ஒன்றும் சொல்லவில்லை. அவர் போன பிறகு என்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. "பாடினவங்க அழின்னு சொன்னா மண்டைய ஆட்டு. அழிக்காத. அவங்களுக்கே தெரியாது எது வேணும்னு." அன்றிலிருந்து நான் எதையும் அழித்ததில்லை. தலையை மட்டும் ஆட்டுவேன். இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த நல்ல பெயருக்குப் பாதிக் காரணம் அந்தப் பழக்கம்தான். நான் சொல்லப் போகும் தப்புக்கும் அதுதான் காரணம். மீதிக் காரணம் என் வாய். அது திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காது.

தேசிங்கு ராக் மியூசிக் பாடுகிறவன். பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் ஒரு மீனவக் குப்பத்துப் பையன். ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே ஏற்கெனவே நான் செய்தது போதும். நாலு பேர் கொண்ட குழு அவனுடையது. பொன்னேரி காலேஜ் விழாவில் ஆரம்பித்து வெளிநாட்டு மேடை வரை போனார்கள். ஒன்பது வருஷம் அவர்களுக்கு நான்தான் ஒலி. என்னைப் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் பாட்டு என்றால் கத்தல். படகு, காற்று, சாராயம், சண்டை, எல்லாவற்றையும் கத்துவான். கூட்டம் சேர்ந்து கத்தும். மேடையில் என் வேலை அந்தக் கத்தலுக்கு நடுவில் வார்த்தை காணாமல் போகாமல் பார்த்துக்கொள்வது.

மூன்றாவது ஆல்பத்துக்கு அவன் ஒரு கிட்டாரை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தான். மற்ற மூன்று பேரும் பின்னால் வந்தார்கள். உட்கார்ந்து ஒன்பது பாட்டையும் பாடிக் காட்டினான். கத்தவே இல்லை. கிட்டத்தட்டப் பேசுகிற மாதிரி. ஆல்பத்தின் பெயர் 'மெதுவா' என்றான்.

டிரம் வாசிக்கிற டேவிட் குச்சியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். முடிந்ததும், "எங்க தெருவுல சாவு வூட்டுல கூட இத்தவிட சத்தமா இருக்கும்டா" என்றான்.

"நீ ரெண்டு பாட்டுக்கு வாசிச்சா போதும் மச்சான்" என்றான் தேசிங்கு.

"மத்த ஏழுக்கு? பாய்க்கு டீ வாங்கினு வரட்டுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். டேவிட் சிரிக்கவில்லை. நாலாவது நாள் அவன் வரவில்லை. பதிலுக்கு ஆளும் தேடவில்லை. அந்த இரண்டு பாட்டும் டிரம் இல்லாமலே போயின.

கத்திப் பாடுகிறவனை மெதுவாகப் பாட வைத்து ஒலிப்பதிவு செய்வது கஷ்டம். ஒளிந்துகொள்ள அவனுக்கு இடமே இருக்காது. தேசிங்கு மைக்குக்கு நாலு விரல் தூரத்தில் உட்கார்ந்திருப்பான். எச்சில் முழுங்குவது கூட எனக்குக் கேட்கும். ஒன்பது வருஷத்தில் அவன் குரல் எப்படிப்பட்டது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஐந்தாவது பாட்டு அவன் அப்பாவைப் பற்றியது. அவர்கள் வீட்டில் அப்பாவை நைனா என்பார்கள். அந்தப் பாட்டைச் சொல்வதற்கு முன் 'பாடு' என்ற வார்த்தையைச் சொல்லியாக வேண்டும்.

ஏரியில் இறால் நிறைய விழும் இடங்கள் சில உண்டு. அங்கே எந்த நாளில் யார் வலை கட்டலாம் என்று ஊர் கூடி முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பெயர் பாடு. இன்றைக்கு உன் பாடு, நாளைக்கு என் பாடு. அடுத்தவன் பாடு நாளில் போய் வலை கட்டினால் அது திருட்டுப் பாடு. அதைவிடப் பெரிய அசிங்கம் அந்த ஊர்களில் இல்லை. நான் பழவேற்காடு டவுன் ஆள். எங்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்போம். அவர் பாத்திரக் கடை வைத்திருந்தவர். எங்களுக்கும் இந்தப் பாடு தெரியும், ஆனால் தெரிந்துவைத்திருக்கிற வார்த்தைதான். எங்கள் வீட்டில் பாடு என்றால் கஷ்டம். "நான் பட்ட பாடு" என்று அம்மா சொல்கிற பாடு. அந்தக் குப்பத்தில் முதலில் நினைவுக்கு வருவது வலை. இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று எனக்கு அப்போது தெரியாது.

ஐந்தாவது பாட்டின் முதல் டேக்கில் கடைசி வரியை இப்படிப் பாடினான்:

அன்னிக்குப் பாடு நைனாவுது, பாட்டு மட்டும் என்னுது.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன். அவன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "வேணாம் பாய். இத்த அழிச்சிடு. திருட்டுத்தனமா கீது" என்றான்.

தலையாட்டினேன். ஏன் என்று கேட்கவில்லை.

இரண்டு நாள் அவன் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து ஒரே டேக்கில் பாடினான். கடைசி வரி மாறியிருந்தது:

திருட்டுப் பாடு என்னுது, நைனாவுது இல்ல.

பாடிவிட்டு வெளியே வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். எதையோ பார்த்துக்கொண்டே சொன்னான். பதினேழு வயதில் கிட்டார் வாங்க வேண்டும் என்று ஒரு வெறி. கோதண்டம் என்பவரின் பாடு நாளில், விடிவதற்குள் நைனாவின் வலையைக் கொண்டுபோய்க் கட்டியிருக்கிறான். வலையை வைத்து ஊர் பிடித்துவிட்டது. நைனா கூட்டத்தில் எழுந்து, "நான்தான் கட்டினேன்" என்று சொல்லிவிட்டார். ஒரு வருஷத்துக்கு அவருடைய வலை முறையை நிறுத்திவிட்டார்கள். அம்மாவிடம்கூட அவர் உண்மையைச் சொல்லவில்லை. அம்மா அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதை விட்டுவிட்டாள். இரண்டு வருஷத்தில் அவர் செத்துப் போய்விட்டார்.

"அம்மா இன்னும் அவர்தான் எடுத்தாருன்னு நெனச்சினு கீது பாய். வாயால சொல்ல பத்து வாட்டி போனேன். வரல. பாடினா வருது. இத்த ஊர்ல வெச்சுப் போடணும். அம்மாவும் கேக்கணும், கோதண்டம் மாமாவும் கேக்கணும்."

"கேப்பாங்க" என்றேன். அன்று நான் பேசியது அவ்வளவுதான்.

ஆல்பம் முடிந்தது. ஃபைலை வெளியீட்டுக் கம்பெனிக்கு ஏற்ற வேண்டிய நாள். மாலை ஐந்து மணி வரை நேரம். தேசிங்கு சிங்கப்பூர்க் கச்சேரிக்குப் போகும் விமானத்தில் இருந்தான். மூன்று மணிக்குக் கம்பெனியின் சட்ட ஆலோசகர் போன் செய்தார். முந்தைய ஆல்பத்தில் ஒரு மெட்டு தன்னுடையது என்று யாரோ நோட்டீஸ் அனுப்பியிருந்தார்கள். அந்த எரிச்சலில் இருந்தார். அவர் கையில் பாட்டு வரிகள் டைப் செய்த தாள். டைப் செய்தவர் 'பாடு' என்பதைத் தப்பு என்று நினைத்துப் 'பாட்டு' என்று திருத்தியிருக்கிறார்.

"என்னங்க இது, 'திருட்டுப் பாட்டு என்னுது'ன்னு அவரே பாடி வெச்சிருக்காரு? எதிராளி இதையே கோர்ட்டுல போட்டுக் காட்டுவான்."

"சார், அது பாட்டு இல்ல. பாடு."

"பாட்டைத்தான் பாடுன்னு இழுக்கறாரு. கேட்டேன். ஸ்டைலு. கோர்ட்டுக்கு ஸ்டைல் தெரியாது."

"இல்ல சார், எங்க பக்கம் மீன் புடிக்கிறதுல ஒரு…"

"மீனா? இதுல மீன் எங்கங்க வந்துச்சு?"

பக்கத்தில் யாரோ சிரித்தது போனில் கேட்டது. எனக்குக் காது சூடாகிவிட்டது.

"வேற வரி இருந்தா போடுங்க. இல்லன்னா அந்தப் பாட்டே வேண்டாம். எட்டோட விடறோம். அஞ்சு மணி."

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். எனக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. பாட்டையே எடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். தேசிங்கு இறங்கியதும் கோபப்பட்டிருப்பான், அடுத்த மாதம் தனியாக வெளியிட்டிருப்பான், அவ்வளவுதான். அல்லது அந்த மனிதருக்கு நாலு வரியில் எழுதி அனுப்பியிருக்கலாம். பேச வராதவனுக்கு எழுதக் கை இருக்கிறதே. இரண்டையும் செய்யவில்லை. பாட்டைக் காப்பாற்றுவதுதான் என் வேலை என்று நினைத்தேன். அழிக்காத முதல் டேக் என்னிடம் இருந்தது. அதன் கடைசி வரியை வெட்டி இதில் ஒட்டினேன். ஒட்டு தெரியவே இல்லை. நல்ல வேலை. கேட்டுப் பார்த்தேன். அந்த நாளின் கஷ்டம் அப்பாவுடையது, பாட்டு மட்டும் என்னுடையது. உண்மையும் அதுதானே, அவர்தானே கஷ்டப்பட்டார் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஒப்புக்கொள்வது மட்டும்தான் விட்டுப்போயிற்று, அதை அவன் அம்மாவிடம் வாயால் சொல்லிக்கொள்வான் என்றும் சொல்லிக்கொண்டேன். நாலரைக்கு அனுப்பினேன். சட்ட ஆலோசகர், "பியூட்டிஃபுல்" என்று பதில் போட்டார்.

தேசிங்குக்கு ஒரு செய்தி டைப் செய்தேன். அழித்தேன். மறுபடி டைப் செய்தேன். கச்சேரி முடியட்டும் என்று அதையும் அழித்தேன். அந்தப் பாடகியின் டேக்குக்குப் பிறகு நான் அழித்தது அது ஒன்றைத்தான்.

வெளிவந்த பாட்டை அவன் கேட்க மாட்டான். அது அவன் பழக்கம். இந்த முறை அம்மாவோடு உட்கார்ந்துதான் கேட்பேன் என்று வேறு சொல்லியிருந்தான். ஆல்பம் வெளிவந்த வாரம், அவன் சிங்கப்பூரிலிருந்து திரும்பியதும், ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு ஸ்பீக்கரைப் படகில் ஏற்றிக்கொண்டு அவனோடு போனேன். இருபது நிமிஷப் படகு. அவன் ஸ்பீக்கரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பயமா கீது பாய். அவ்ளோ பெரிய கூட்டத்துக்கு முன்னாடி பயப்படல."

"தேசிங்கு, அந்தக் கடைசி வரி…"

"வரியப் பத்திப் பேசாத பாய்."

விட்டுவிட்டேன். எனக்குச் சொல்ல ஒரு வாய்ப்பு வந்தது. அதை அவன் தடுத்துவிட்டான் என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

வலை பின்னும் கொட்டகையில் ஸ்பீக்கரை வைத்தோம். முப்பது பேர் இருப்பார்கள். தேசிங்கின் அம்மா இறால் கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். கோதண்டம் இப்போது ஊர்ப் பெரியவர். அவருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள்.

"இன்னாடா, ஆட வுடுவியா, அழ வுடுவியா?" என்று கேட்டார்.

"கேளு மாமா" என்றான் தேசிங்கு.

பாட்டு போயிற்று. மெதுவான பாட்டை அந்த ஊர் எதிர்பார்க்கவில்லை. ஒரு பெண் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். நைனாவின் வலை, நைனாவின் பீடி, நைனா பேசாமல் உட்கார்ந்திருந்த வாசல். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். கடைசி வரி வந்தது.

அன்னிக்குப் பாடு நைனாவுது, பாட்டு மட்டும் என்னுது.

தேசிங்கு என்னைப் பார்த்தான். நான் ஒயரைப் பார்த்தேன்.

முதலில் பேசியது கோதண்டம். அவர் கோபமாகப் பேசியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "போவட்டும் வுடுப்பா" என்றார். "செத்தவன். அன்னிக்கி எம்பாட்ட அவன் எடுத்தான். இன்னிக்கி புள்ள ஊரறிய ஒத்துக்கினான். அதுக்கு ஒரு மனசு வோணும்."

அந்த வரி அங்கே எப்படிக் கேட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த முப்பது பேரில் ஒருவருக்குக்கூட அது கஷ்டமாகக் கேட்கவில்லை. அன்றைக்கு வலை கட்டியது அப்பா, பாடுவது மகன். அவ்வளவுதான் கேட்டது. அவன் எதைத் திருட்டுத்தனம் என்று சொன்னான் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

"இல்ல மாமா!" தேசிங்கு எழுந்துவிட்டான். "நான்தான் கட்டினேன். நைனா இல்ல. அம்மா, நான்தான்."

"இன்னாடா இது, பாட்டுல ஒண்ணு வாயில ஒண்ணு?" என்றாள் ஊசி வைத்திருந்தவள்.

"சொல்லிட்டான். இப்ப ஊருக்கு முன்னாடி வெக்கமாப் போச்சு. அப்பனுக்காக இவன் தன் மேல போட்டுக்கிறான்" என்றார் கோதண்டம். "நல்ல புள்ளதான்."

நான் பேசினேன். முப்பது பேருக்கு முன்னால் எழுந்து நின்று பேசியது அதுதான் முதல் தடவை. "அவன் பாடினது வேற. வரிய மாத்தினது நானு" என்றேன். பாட்டைப் போட்ட லேப்டாப்பிலேயே இரண்டாவது டேக்கும் இருந்தது. போட்டேன். திருட்டுப் பாடு என்னுது, நைனாவுது இல்ல. கொட்டகை முழுக்கக் கேட்டது.

கோதண்டம் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாய், அதுல நீங்க இன்னா வோணா பண்ணுவீங்க. இப்பத்தான் நீங்களே சொன்னீங்க, மாத்தினேன்னு."

அம்மா கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மகனிடம் சொன்னாள், சத்தமே இல்லாமல்: "அந்தாளு எடுத்திருக்க மாட்டாரோன்னு எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சுடா. அத்த வெச்சினுதான் இத்தினி வருஷம் அவரு படத்துக்கு வெளக்கு ஏத்தினேன். அத்தையும் நீ பாடித் தீத்துட்ட."

திரும்பும் படகில் சட்ட ஆலோசகர் போன் செய்ததைச் சொன்னேன். தேசிங்கு என்னைத் திட்டவில்லை. இரண்டு தடவைதான் பேசினான். "விமானத்துல இருந்தேன், சரி. எறங்கினப்பறம் ஏன் பாய் சொல்லல?" நான் ஸ்பீக்கரைக் கட்டியிருந்த கயிற்றை இறுக்கினேன். கரை வந்ததும், "அழிச்சிடுன்னு சொன்னேனே பாய்" என்றான்.

'மெதுவா' நன்றாக ஓடியது. கத்திக்கொண்டிருந்தவன் தன் உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டான் என்று எழுதினார்கள். எல்லோரும் அந்த ஒரு வரியைத்தான் எடுத்துப் போட்டார்கள். பாடு அப்பாவுக்கு, பாட்டு மகனுக்கு, என்ன ஒரு வார்த்தை விளையாட்டு என்று. சட்டையில் அச்சடித்து விற்றார்கள். கம்பெனி எனக்கு ஒரு கேடயம் கொடுத்தது.

அடுத்த கச்சேரியில் தேசிங்கு அந்தப் பாட்டைச் சரியான வரியோடு பாடினான். கூட்டத்துக்கு வரி மனப்பாடம். அவன் "திருட்டுப் பாடு" என்று தொடங்குவதற்குள் அத்தனை பேரும் சேர்ந்து "அன்னிக்குப் பாடு நைனாவுது" என்று பாடினார்கள். அன்பாகத்தான் பாடினார்கள், கண்ணை மூடிக்கொண்டு. அவன் வாய் அசைவது தெரிந்தது, வார்த்தை கேட்கவில்லை. நான் அவன் மைக்கை ஏற்றினேன். இதற்கு மேல் ஏற்றினால் ஸ்பீக்கர் கூவும் என்று தெரிந்தே ஏற்றினேன். கூவியது. கூட்டம் அதையும் தாண்டிப் பாடியது. அதன் பிறகு அவன் அந்தப் பாட்டை மேடைக்குக் கொண்டுவரவில்லை. பழைய கத்தல் பாட்டுகளுக்கே போய்விட்டான். டேவிட் திரும்பி வந்துவிட்டான். நான் வெளியே வந்துவிட்டேன். காது சரியில்லை என்று சொன்னேன். காது நன்றாகத்தான் இருக்கிறது.

புதிதாக வந்திருக்கிற உங்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். ஒருவர் ஒரு டேக்கை வேண்டாம் என்றால் ஏன் என்று கேளுங்கள். அழிப்பதும் வைத்திருப்பதும் அப்புறம். கேட்பதற்கு வெட்கமாக இருக்கிறதா, இந்த வேலைக்கு வராதீர்கள். நம் கையில் இருப்பது இன்னொருவர் வாய்.

இரண்டு மாதம் முன்பு பழவேற்காடு மீன் ஏலக் கூடத்தில் தேசிங்கின் அம்மாவைப் பார்த்தேன். ஒதுங்கிப் போகப் பார்த்தேன். அவளே கூப்பிட்டாள்.

"பாய், அன்னிக்கி ரெண்டாவதா ஒண்ணு போட்டியே, வெச்சினு கீறியா?"

போனில் இருந்தது. அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டாள். சுற்றி ஏலச் சத்தம். இன்னொரு காதைப் பொத்திக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டாள். திரும்பவும் போடச் சொன்னாள். மறுபடியும் முழுக்கக் கேட்டாள்.

"இதுதாம்மா அவன் பாடினது. நெசம் இதுதான்" என்றேன். "அல்லா மேல ஆணையா."

அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது அவன் கொரலுதான்" என்றாள். "அதுவும் அவன் கொரலுதானே பாய்."

பிறகு குனிந்து, இறாலில் பெரியது சிறியது பிரிக்க ஆரம்பித்தாள்.